மூன்று மீன் கேடயமும் என் மகளின் பெயரும்

1

ஜெர்மனியில் மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் யாரும் ஒரு நொடி தயங்கித்தான் பிரிப்பார்கள். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ அனுப்பியது என்று அர்த்தம். தபால்காரர் அதைப் பெட்டியில் போட்ட தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். பிறகு 'எனக்கு வரவே இல்லை' என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது.

சென்ற மார்ச் மாதம் எங்கள் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது. குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தது. ஆடெல்ஹைட் ஃபொன் ஹால்டெரோடே என்ற தொண்ணூற்று மூன்று வயது அம்மையார், இருபது வயதான வினோதினியைத் தன் மகளாகத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறார். வினோதினியைப் பெற்ற தாய் என்ற முறையில் இது குறித்து நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? அதுதான் கேள்வி. விரும்பினால் குறிப்பிட்ட நாளில் நேரில் வரலாம் என்றும் எழுதியிருந்தது.

விஷயம் எனக்குப் புதிதல்ல. ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் பேசித் தீராத பேச்சு அது. ஆனாலும் அச்சில் பார்த்தபோது புதிதாகத்தான் இருந்தது. பெற்ற தாய் என்பதற்கு ஜெர்மன்காரர்கள் போடும் சொல்லுக்கு 'உடம்பு வழி அம்மா' என்று பொருள். அந்தச் சொல்லை மூன்று முறை படித்தேன். அப்படியானால் வேறு வழி அம்மா யார், நான் வேறு எந்த வழியிலும் அம்மா இல்லையா என்று புத்தி எங்கெங்கோ போனது.

கடிதத்தில் என் பெயரும் தப்பு. 'செல்வராணி செல்வராணி' என்று போட்டிருந்தது. அது நீதிமன்றத்தின் குற்றமில்லை. என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் ஏழுமலை மகள் செல்வராணி, அவ்வளவுதான். நான் நர்ஸ் வேலைக்கு வந்தபோது இங்கே அலுவலகத்தில் காலி இடத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஆகவே என் பெயரையே எடுத்துக் குடும்பப் பெயராக வைத்துவிட்டார்கள். அடுத்த அலுவலகத்தில் முதல் பெயர் எங்கே என்றார்கள். அங்கேயும் அதையே போட்டார்கள். என் கணவர் முருகேசனுக்குக் குடும்பப் பெயர் அவருடைய அப்பா பெயரான கன்னியப்பன். எங்கள் மகள் வினோதினிக்கு அவள் அப்பா பெயரான முருகேசன். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். பள்ளியில் அவளை அழைத்துவரப் போனால், நீங்கள் இந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்பார்கள். ஆறு வயதுக் குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். நான் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுப்பேன்.

2

நான் பார்ப்பது வீடு வீடாகப் போகும் செவிலி வேலை. காலையில் கார் எடுத்தால் மதியத்துக்குள் பதினோரு வீடு. ஊசி போடுவது, குளிப்பாட்டுவது, காலில் இறுக்கமான மருத்துவ சாக்ஸ் மாட்டுவது. எட்டு வருடத்துக்கு முன்பு என் பட்டியலில் 'ஃபொன் ஹால்டெரோடே' என்று ஒரு பெயர் சேர்ந்தது. கூட வேலை செய்த பெண், "ஓ, உனக்குப் பிரபு வீடா" என்றாள். நான் அரண்மனையை எதிர்பார்த்துப் போனேன்.

அரண்மனை இருந்தது. ஆனால் அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். இப்போது அது ஊரில் நம் கல்யாண மண்டபம் போல வாடகைக்குப் போகிறது. அதன் பின்னால் பழைய தோட்டக்காரர் குடியிருப்பில், இரண்டே அறையில் இந்த அம்மையார் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் மண்டபத்துப் பாட்டுச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

படுக்கைக்கு எதிரே சுவரில் ஒரு மரக் கேடயம் மாட்டியிருந்தது. நீல வர்ணத்தில் மூன்று வெள்ளை மீன்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. அதன் மேல் இரும்புத் தலைக்கவசம், கவசத்தின் மேல் இரண்டு எருமைக் கொம்பு. முதல் நாள் சாக்ஸை மாட்டிக்கொண்டே, "மீன் நன்றாக இருக்கிறது" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சாப்பாடு ருசியாக இருக்கிறது என்பதற்குச் சொல்லும் வார்த்தையைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் வெகுநேரம் சிரித்தார்.

பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். அவருடைய குலத்தின் முதல் மனிதன் ஒரு மடத்துக்குச் சொந்தமான மீன் குளங்களைக் காவல் காத்தவன். கையில் வாள் இருந்தாலும் அவன் சுதந்திரமானவன் இல்லை, மடத்துத் தலைவரின் அடிமைப் படைவீரன். அப்புறம் தலைமுறைகள் போகப் போக நிலம் வந்தது, கோட்டை வந்தது, கேடயம் வந்தது. பெயருக்கு முன்னால் வரும் 'ஃபொன்' என்பதற்கு ஒன்றும் பெரிய பொருள் இல்லையாம். அந்த ஊரைச் சேர்ந்தவர் என்பதுதான். ஹால்டெரோடே ஊர்க்காரர், அவ்வளவே. நாட்டில் ராஜாக்கள் போனதோடு பிரபுக்களின் உரிமைகளும் போயின. அந்த 'ஃபொன்' மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கேடயத்துக்கும் இலக்கணம் இருக்கிறது. அதில் எனக்குக் குழம்பாத இடமே இல்லை. கேடயத்தின் வலது என்றால் பார்க்கிற நமக்கு இடது. ஏந்தி நிற்பவனின் கையை வைத்துத்தான் கணக்கு. வெள்ளை என்று சொல்லக் கூடாது, வெள்ளி. மஞ்சள் கிடையாது, தங்கம். மீனின் தலை எப்போதும் கேடயத்தின் வலது பக்கம்தான் பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அவருடைய ஒரே அண்ணன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அப்பாவை அடக்கம் செய்தபோது, வம்சத்தில் இனி ஆண் இல்லை என்பதால் ஒரு கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குழிக்குள் இறக்கினார்களாம். "அருகில் நான் நின்றுகொண்டிருந்தேன்," என்றார். "எனக்கு இருபத்தோரு வயது. எல்லோரும் குடும்பம் முடிந்துவிட்டது என்று அழுதார்கள். நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்று தோன்றியது. யாரிடம் சொல்வது?"

எங்கே பிறந்தீர்கள் என்று அவர் கேட்டபோது, வழக்கம்போல "சென்னை" என்றேன். பழவேற்காடு என்றால் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? சில மாதம் கழித்துத்தான் ஊர்ப் பெயரைச் சொன்னேன், ஆங்கிலத்தில் வழங்குகிறபடி புலிகாட் என்று. அவர் எழுந்து உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து தடித்த கையெழுத்துப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி ஒரு பக்கத்தைத் திருப்பினார். வம்சத்தில் இளைய மகன் ஒருவன், டச்சுக் கம்பெனியில் சேர்ந்து கடல் கடந்து போய், புலிகாட்டின் பழைய பெயரான 'பாலியாகாட்டா'வில் இறந்தான். துணியும் பிற பொருட்களும் வியாபாரம் செய்தான். கல்யாணமாகவில்லை.

நான் படித்த பள்ளிக்கும் ஊரில் உள்ள டச்சுக் கல்லறைக்கும் நடக்கிற தூரம். வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பயந்துகொண்டே ஓடிப் போவோம். உள்ளே எத்தனையோ கல்லில் இப்படிக் கேடயமும் தலைக்கவசமும் கிடந்தன. அவை ஒவ்வொன்றும் ஒரு பெயர் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

3

அந்தக் கையெழுத்துப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு ஆள் வேண்டும் என்றார் அம்மையார். வினோதினிக்கு அப்போது பதினாறு வயது. விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நானே அழைத்துப் போனேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பாராட்டுவதா திட்டுவதா என்று தெரியவில்லை.

பழைய ஜெர்மன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகளாலேயே படிக்க முடியாது. வினோ ஒரே மாதத்தில் படிக்கப் பழகிவிட்டாள். தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்க நானும் முருகேசனும் நான்கு வருடம் மல்லுக்கட்டியும் 'ழ'வுக்கு மேல் போகாத பிள்ளை. வாரம் இரண்டு நாள் போனது மூன்று நாளானது. பள்ளி முடிந்து பக்கத்து நகரத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்த பிறகும், வெள்ளிக்கிழமை பேருந்தில் இறங்கினால் முதலில் அங்கே, பிறகுதான் வீடு. எங்களிடம் தமிழில் தொடங்குவாள். இரண்டாவது வாக்கியம் ஜெர்மனுக்குப் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து, "அம்மா, அவங்க என்னை ஏத்துக்கப் போறாங்களாம்" என்றாள். பல்கலைக்கழகத்தில் ஏதோ உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அது கிடைத்துவிட்டது என்று நினைத்து நான் ரவையை எடுத்துக் கேசரி கிளற ஆரம்பித்தேன். முருகேசன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தத்து என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஜெர்மனில் தத்தெடுப்பதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் ஒரே சொல், அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறாள். கேசரியை அன்று யாரும் தொடவில்லை.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களையும் தத்தெடுக்கலாம். பெற்றவர்களோடு உள்ள உறவு அப்படியே இருக்கும். கூடுதலாக ஒரு தாய், ஒரு பெயர். வினோ இதைப் பொறுமையாக விளக்கினாள்.

முருகேசன் காட்டூர்க்காரர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "எங்கப்பன் பேர என் பின்னால மாட்டுனவனும் இந்த ஊருக்காரன்தான். இப்ப எம் பேர எம் பொண்ணுகிட்டேர்ந்து கழட்டறவனும் இந்த ஊருக்காரன்தானா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட்.

மறுநாள் அம்மையார் என்னிடம் எதுவும் தெரியாதவர் போல இருந்தார். ஊசி போட்டு முடித்ததும், "உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை" என்றார்.

"உங்களுக்கு என் மகள் வேண்டுமா, உங்கள் பெயருக்கு ஓர் ஆள் வேண்டுமா?" என்று நான் கேட்டேன். அவ்வளவு சரியான ஜெர்மன் என் வாயில் அதற்கு முன்பு வந்ததில்லை.

அவர் சுவரிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். "முதலில் பெயருக்காகத்தான் நினைத்தேன். இப்போது எது முதல் என்று சொல்ல முடியவில்லை."

4

அந்தப் பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். நைனாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அங்கே இறந்த அந்த இளைய மகனின் கல்லறைக் கல் இருக்கிறதா என்று பார்த்து வரும்படி அம்மையார் கேட்டது இன்னொன்று.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். இப்போது அவர் கடலுக்குப் போவதில்லை. ஏரியில் நண்டு வலை மட்டும் போடுகிறார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"பேரத்தான கேக்குது அந்தம்மா. பொண்ணக் கேக்கலயே?"

"அங்க ரெண்டும் ஒண்ணுதான் நைனா."

"இன்னா ஒண்ணு? நீ பொறந்தப்ப உன்னியக் கேட்டாங்க, தெரியுமா உனக்கு? எங்க அண்ணிக்குப் புள்ள இல்ல. மூணாவதும் பொண்ணு, எனக்குக் குடுத்துடுனு வந்து நின்னாங்க. உங்கம்மா குடுக்கல."

எனக்கு நாற்பத்தாறு வயது. இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். பெரியம்மா என்னை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து நண்டு உடைத்துக் கொடுப்பார். அது ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"குடுத்திருந்தா?" என்றேன்.

"குடுத்திருந்தா இன்னா? நாலு வீடு தள்ளி வளந்திருப்ப." அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். "ஆனா உங்கம்மா அப்பறம் ரொம்ப நாள் யோசிச்சா. குடுத்திருக்கலாமோனு. அண்ணி மூஞ்சப் பாக்கறப்பல்லாம் யோசிச்சா."

மறுநாள் பாலத்தைத் தாண்டி இருவரும் பழவேற்காட்டுக்குப் போனோம். என்னோடு பள்ளியில் படித்த நூர்ஜகான் இப்போது அங்கேயே சரித்திர ஆசிரியை. காவல்காரரிடம் சொல்லிக் கல்லறையைத் திறக்க வைத்தாள். வினோ போனில் அனுப்பிய கேடயப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தோம். நைனா ஒரு பெரிய பலகைக் கல்லைக் காட்டி, "சின்ன வயசுல சந்தைக்கு வந்தா இதுமேலதான் படுப்போம். ஜில்லுனு கீது பாரு" என்றார்.

அந்தக் கல்தான். நடுவில் இரண்டு கேடயம் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கத்துக் கேடயத்தில் மூன்று மீன். "மடவை மாரி கீது" என்றார் நைனா. மேல் விளிம்பு உடைந்து பெயரின் பாதி போயிருந்தது. கடைசி நான்கு ரோமன் எழுத்து, 'ரோடே' என்பது மட்டும் மிச்சம். ஹால்டெரோடேவின் கடைசி நான்கு எழுத்தும் அவைதான். ஆனால் அந்த நான்கு எழுத்தில் முடிகிற பெயர் அந்த நாட்டில் எத்தனையோ இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் இருந்தது. படத்தில் மீன்கள் இடது பக்கம் பார்க்கின்றன. கல்லில் வலது பக்கம். பக்கத்துக் கேடயத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் கல். உப்புக் காற்று தின்றுவிட்டதா, செதுக்கவே இல்லையா என்று நூர்ஜகான் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தெரியவில்லை.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள், "இவன் இங்க இன்னா பண்ணான்னு எழுதியிருக்கு அவங்க புக்குல?" என்று கேட்டாள்.

"துணியும் பிற பொருட்களும்னு."

"பிற பொருட்கள்," என்று சொல்லிக்கொண்டாள். "செல்வி, பஞ்சம் வந்தப்பல்லாம் இந்தக் கரையிலேர்ந்து ஆளுங்களையும் அடிமையா வாங்கிக் கப்பல்ல ஏத்துனாங்க. பத்தேவியாவுக்கு, கிழக்க டச்சுக்காரங்க வெச்சிருந்த ஊருக்கு. எங்க பசங்களுக்கு வருஷா வருஷம் இங்க நிக்க வெச்சுதான் நான் சொல்றது."

"யாரு, நம்மாளுங்களயா?" என்றார் நைனா.

"யாருன்னு யாரு எழுதி வெச்சான் பெரிப்பா?"

"இந்த ஆளா ஏத்துனான்?"

"அது தெரியாது. கம்பெனியில இருந்தவன். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யாப் போயிடும்."

நைனா கல்லின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும், "பாப்பாகிட்ட இத சொல்லிடு. தெரியாம ஒரு பேர வாங்கக் கூடாது" என்றார்.

5

போனிலேயே வினோவிடம் சொன்னேன். அவள் நூர்ஜகானின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு, தானே அம்மையாரிடம் சொல்வதாகச் சொன்னாள். நான் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். அம்மையார் பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தைப் பார்த்தார்.

"மீன்கள் திரும்பியிருக்கின்றன," என்றார். "கணவன் கேடயத்தையும் மனைவி கேடயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கணவனுடைய விலங்குகளை மனைவியைப் பார்க்கும்படி திருப்பிவிடுவார்கள். அவளுக்கு முதுகைக் காட்டக் கூடாது, அது மரியாதை." பிறகு வெறும் கேடயத்தின் மேல் கண்ணாடியை நகர்த்தினார். "அப்படியானால் இவனுக்கு மனைவி இருந்தாள். அவளுக்குக் கேடயம் இல்லை."

"புத்தகத்தில் கல்யாணமாகவில்லை என்று இருக்கிறதே?" என்றேன்.

"புத்தகத்தை எழுதியது இங்கே இருந்தவர்கள்."

அவள் யாராக இருப்பாள் என்று மூவருமே யோசித்தோம். டச்சுக்காரியா, இரண்டு ரத்தமும் கலந்தவளா, எங்கள் பக்கத்துப் பெண்ணா? வாங்கப்பட்டவளாகக்கூட இருக்கலாம். இப்படி யோசிப்பதே சரியா என்றும் தெரியவில்லை. அது இவருடைய முன்னோரின் கல்தானா என்பதே இன்னும் நிச்சயமில்லை.

அதன் பிறகு வினோ பத்தேவியாவைப் பற்றிச் சொன்னாள். கத்தவில்லை, குற்றம் சாட்டவில்லை. நூர்ஜகான் சொன்னதையும், தானாக நூலகத்தில் தேடிப் படித்ததையும் சொன்னாள். அம்மையார் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "நூறு தடவை படித்திருக்கிறேன். பிற பொருட்கள். மிளகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கால் வலிக்கிறது. சாக்ஸைக் கழற்றிவிடுங்கள்" என்றார். அன்று என் வேலை நாள் இல்லை. இருந்தாலும் கழற்றிவிட்டேன்.

இரண்டு வாரம் போனது. பிறகு, தத்து விண்ணப்பத்தைத் தயார் செய்துகொண்டிருந்த நோட்டரிக்கு எழுதி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தக் கரையிலிருந்து வந்த ஒரு பிள்ளையிடம் இந்தப் பெயரைச் சுமக்கச் சொல்ல எனக்கு வாய் வராது என்றார். அப்பாவோடு குழிக்குள் போனது போனதாகவே இருக்கட்டும் என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருக்க வேண்டும். முருகேசனுக்கு இருந்தது. எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணை யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாதிரி ஒரு ரோஷம். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வினோவுக்குத்தான் கோபம் வந்தது. சமையலறையில் நின்று பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாகப் பேசினாள். "அவங்க நல்லது பண்றதா நினைக்கிறாங்கம்மா. எனக்கு இப்பதான் அந்தப் பேரு வேணும். அந்தப் பேரு செத்துப்போனா, யாரு போய் யார்கிட்ட கேக்கறது? என்கிட்ட இருந்தா, யாராவது என்னைக் கேக்கலாம். நான் தேடிப் பார்த்துச் சொல்லுவேன்."

"உன்னை எதுக்குடி கேக்கணும்? நீ எந்தக் கப்பல்ல யாரை ஏத்துன?"

"கொம்ப்ளிட்சியர்ட்," என்றாள். சிக்கலானது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்பதற்கும் அதுதான் வார்த்தை.

மறுநாள் அம்மையார் வீட்டுக்குப் போய் அங்கே என்ன பேசினாள் என்று தெரியாது. நோட்டரிக்கு இன்னொரு கடிதம் போனது. இந்த முறை முருகேசன் என்ற பெயரும் கூடவே இருக்கும்படி விண்ணப்பம் எழுதினார்கள். அந்தச் செய்தியைச் சொன்னபோது முருகேசன் பேப்பரில் எழுதிப் பார்த்தார். 'வினோதினி முருகேசன்-ஃபொன் ஹால்டெரோடே.' "கப்பல் பேரு மாதிரி கீது" என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தையை நினைத்துச் சங்கடப்பட்டு, பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் விஷயம் எப்படியோ வெளியே தெரிந்து, பிரபுக் குடும்பங்களின் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். சட்டப்படி பெயரைத் தரலாம், ஆனால் கேடயத்தைத் தர முடியாது, தத்து வழியில் வருபவர்களை நாங்கள் எங்களவர்களாகக் கருதுவதில்லை என்று. அம்மையார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "மடத்துக் குளத்தைக் காவல் காத்த அடிமையை யார் கருதினார்களாம்?" என்றார்.

6

விஷயத்தை என் முதலாளியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. செவிலி வேலையில் நோயாளிகளிடமிருந்து எந்தப் பலனும் பெறக் கூடாது. மகளுக்கு ஒரு பெயர் கிடைப்பது பலனா இல்லையா என்று அவர்களும் மேலே கேட்டார்கள். கடைசியில் அந்த வீட்டை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டு வருடம் தினமும் பார்த்த கால்களை, ஒரு திங்கட்கிழமையிலிருந்து வேறொரு பெண் பார்க்கத் தொடங்கினாள்.

மஞ்சள் உறையில் குறிப்பிட்ட நாளன்று நீதிமன்றத்துக்குப் போனேன். முருகேசன் வரவில்லை, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நீதிமன்றம் என்று நான் பயந்தது வீண். ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஜன்னலில் ஒரு பூந்தொட்டி. நீதிபதி என் வயதுப் பெண்மணி. அம்மையாரைச் சக்கர நாற்காலியில் வினோ தள்ளிக்கொண்டு வந்தாள்.

இருவருக்கும் தாய் மகள் உறவு உண்மையாகவே இருக்கிறதா என்பதைத்தான் நீதிபதி தெரிந்துகொள்ள வேண்டும். வினோவிடம், அம்மையாருக்கு உடம்பு முடியாவிட்டால் யாருக்கு முதலில் போன் வரும் என்று கேட்டார். "எனக்கு," என்றாள். அம்மையாரிடம், கடைசியாக எதற்காகச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டார். "நான் பெயரைத் தரமாட்டேன் என்றதற்கு," என்றார். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதில் எதிர்ப்பு ஒன்றும் இல்லையே?"

"யா," என்றேன். ஆமாம் என்று அர்த்தம்.

நீதிபதியின் பேனா நின்றது. தமிழில் 'எதிர்ப்பு இல்லையே' என்று கேட்டால், 'ஆமாம், இல்லை' என்போம். ஜெர்மனில் அப்படி இல்லை. எதிர்ப்பு இல்லை என்றால் 'நைன்' என்று சொல்ல வேண்டும். இருக்கிறது என்றால் அதற்கென்று 'டொஹ்' என்று தனியாக ஒரு வார்த்தை. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடமாகியும் இந்த ஓர் இடத்தில் எனக்கு நாக்கு புரண்டுவிடும். என் 'யா' எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றது.

"எதிர்ப்பு இருக்கிறது என்கிறீர்களா, இல்லை என்கிறீர்களா?" நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார்.

பதில் தெரிந்துதான் வந்தேன். அந்த நேரத்தில் அது என்னிடம் இல்லை. இருக்கிறது என்று சொன்னாலும் உண்மை, இல்லை என்று சொன்னாலும் உண்மை என்று பட்டது. பெரியம்மா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசித்தாளாம் என் அம்மா. நான் அம்மையாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குச் சங்கடம் தரக் கூடாது என்பது போல.

வினோ என் பக்கம் குனிந்து தமிழில், "அம்மா, வேணாம்னா வேணாம்னு சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்" என்றாள். ஒரு ஜெர்மன் வார்த்தைகூட இல்லாமல் சொன்னாள். அவள் அப்படி முழுசாகத் தமிழில் பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"இவங்க கூப்ட்டா நீ போவணும். நாங்க கூப்ட்டாலும் வரணும். ரெண்டும் முடியுமா உன்னால?" என்றேன்.

"முடியும்னுதான் நினைக்கிறேன்."

"சரி."

நீதிபதி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நைன். எதிர்ப்பு இல்லை. ஆனால் எனக்குக் குழப்பம் இருக்கிறது. அதையும் எழுதுவீர்களா?" என்று கேட்டேன்.

"அதற்குப் படிவத்தில் இடம் இல்லை," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "எழுதுகிறேன்" என்றார். எழுதினாரா என்று தெரியாது.

7

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. வினோ புதிய பெயரோடு தன் பல்கலைக்கழக அட்டையை மாற்றிக்கொண்டாள். அட்டையில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து அச்சாகவில்லை. நூர்ஜகானோடு வாரம் ஒரு முறை பேசுகிறாள். அந்தக் கப்பல்களைப் பற்றிய காகிதங்கள் எந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று தேடுகிறார்கள். இதுவரை அந்த மனிதனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் கிடைக்கவில்லை. நைனா போனில், "பாப்பா கண்டுபுடிச்சாளா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அம்மையாரைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போட்டுப் பழகியது வேலைச் சீருடைதான். அன்று பூப்போட்ட சட்டை. கையில் மருந்துப் பைக்குப் பதில் டப்பாவில் இறால் தொக்கு. எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. எட்டு வருடமாக அந்த அறையில் நான் உட்கார்ந்ததெல்லாம் அவர் காலடியில் போட்ட முக்காலியில்தான்.

புதிதாக வந்திருக்கும் செவிலிப் பெண் சாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். குதிகாலில் மடிப்பு விழுந்திருந்தது. என் கை தானாக நீண்டு, பிறகு மடிக்குத் திரும்பியது. அம்மையார் அதைப் பார்த்துவிட்டார். செவிலிப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்கள் பக்கத்து வீடா?" என்று கேட்டாள்.

முன்னால் இருந்த நர்ஸ் என்று சொல்லலாம். அது முடிந்துபோன விஷயம். சொந்தம் என்று சொல்லலாம். என்ன சொந்தம் என்று கேட்டால்? நமக்கு உறவுமுறைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அத்தை, சித்தி, ஓரகத்தி, சம்பந்தி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

அம்மையாரும் தேடினார். அவருக்கும் அந்த வார்த்தை ஜெர்மனில் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"இவர் என் மகளின் அம்மா."

செவிலிப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியா," என்றாள், ஒன்றும் புரியாமல். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குதிகாலில் இருந்த அந்த மடிப்பைச் சரிசெய்தேன்.